காற்று இலவசம், அழுத்தம் இலவசம் இல்லை

10 மீட்டர் ஏர் ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் துப்பாக்கியைப் பற்றி மாசக்கணக்கில் விசாரிப்பார்கள். எந்தக் கம்பெனி, ட்ரிக்கர் எப்படி, கையிருப்பு எடை எவ்வளவு, எல்லாம் கேட்பார்கள். அதில் காற்றை எங்கே அடிப்பது என்ற கேள்வி மட்டும் துப்பாக்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். என் மகள் பழகும் இடத்தில் இன்னொரு பையனின் அப்பா போன மாசம் என்னிடம் கேட்டார்: "சார், எங்க தெரு முனையில வெல்டிங் கடை இருக்கு. ஆக்ஸிஜன் சிலிண்டர், 150 பார் இருக்காம். அதுலேருந்தே அடிச்சுக்கலாமா?"

கூடாது. இந்தக் குறிப்பில் வேறு எதுவும் மனசில் நிற்காவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை நிற்கட்டும். ஏன் கூடாது, அப்போ வேற என்ன வழி, ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு காற்று நிஜமா கைக்கு வரும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

துப்பாக்கிக்கு எவ்வளவு காற்று வேணும்?

இப்போதைய போட்டித் துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும். கொள்ளளவு சுமார் 0.2 லிட்டர், அதாவது ஒரு டீ டம்ளர். அதில் 200 பார் வரை காற்றை அடைப்பார்கள். நம் கார் டயரில் 2 பார் சொச்சம்தான் இருக்கிறது. இது அதைப்போல நூறு மடங்கு. உள்ளே ஒரு ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரே அளவு காற்றைக் கொடுக்கும்.

வெளியே போகும் பெல்லட் 4.5 மில்லிமீட்டர் விட்டம், எடை அரை கிராம் சுமார். நொடிக்கு 175 மீட்டர் வேகம் என்று வைத்தால் அதன் ஆற்றல் ஏழரை ஜூல். ஒரு கிலோ கல்லை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றல், அவ்ளோதான். அதனால் ஒரு தடவை நிரப்பினால் சில நூறு பெல்லட் சுடலாம். போட்டியில் 60 தான் கணக்கு. அதற்கு முன்னால் குறி சரிபார்க்கச் சுடுவதையும் சேர்த்தாலும் ஒரு நிரப்பலில் போட்டி முடிந்துவிடும்.

சிக்கல் அளவில் இல்லை. தினமும் பழகும் பிள்ளைக்கு வாரத்தில் சில தடவை அந்தச் சின்ன டம்ளரை 200 பாருக்கு ஏற்ற வேண்டும். பங்க்சர் கடை கம்ப்ரஸர் 8, 10 பாரில் நின்றுவிடும். நடுவில் உள்ள 190 பார்தான் நம்ம பிரச்சனை.

இதற்கு முன்னால் என்ன செய்தார்கள்?

1980களில் போட்டிகளில் இரண்டு வகை ஓடின. ஒன்று, ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் உள்ள நெம்புகோலை இழுத்துக் காற்றை அழுத்தும் வகை. இன்னொன்று கார்பன் டை ஆக்சைடு. சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கும், வேண்டிய அளவு ஆவியாகிக்கொண்டே இருக்கும். நிரப்புவது சுலபம், தனி கம்ப்ரஸர் வேண்டாம்.

ஆனால் அதன் அழுத்தம் வெப்பநிலையின் கையில் இருக்கிறது. 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வித்தியாசமே மறைந்துவிடும். அதற்கு மேல் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது சிலிண்டரில் எவ்வளவு அடைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் வெப்பமூட்டிய அரங்குக்குள் இது பெரிய தொந்தரவு இல்லை. சென்னையில் மே மாசம் ஏ.சி. இல்லாத ரேஞ்சில் வைத்துப் பாருங்கள், 31 டிகிரி காலை எட்டு மணிக்கே தாண்டிவிடும். காற்றுக்கு இந்தக் குணம் இல்லை. வெயிலில் அழுத்தம் கொஞ்சம் ஏறும், ரெகுலேட்டர் அதைச் சமாளித்துவிடும். 1990களில் போட்டிக்காரர்கள் காற்றுக்கு மாறியதற்கு இது முக்கியமான காரணம். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டபோதும் காற்றுச் சிலிண்டர் காலம் நிலைத்துவிட்டது.

துல்லியம் கூடியது. பதிலுக்கு, நிரப்பும் வேலை நம் தலையில் விழுந்தது.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே தலைவலி

இது புதுப் பிரச்சனையும் இல்லை. பார்த்தலோமியோ ஜிராண்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780 வாக்கில் எடுத்துக்கொண்டது. இருபது குண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளிச் சுடலாம். புகை இல்லை, மழையில் நனைந்து போகும் வெடிமருந்து இல்லை. மற்றவர்கள் குழல் வாயில் மருந்தைக் கொட்டி ஈயக்குண்டை இடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது மந்திரம் மாதிரி இருந்திருக்கும். 1803 முதல் 1806 வரை அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த லூயிஸ், கிளார்க் குழுவிடமும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. வழியில் சந்தித்த பழங்குடி மக்கள் முன்னால் அதைச் சுட்டுக் காட்டியதை அவர்கள் தங்கள் நாட்குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

ஜிராண்டோனி துப்பாக்கியின் பின்கட்டையே காற்றுச் சிலிண்டர். இரும்புத் தகட்டை வளைத்து, ஆணி அடித்து, பற்றவைத்துச் செய்தது. அதை நிரப்ப கைப்பம்பை சுமார் 1500 தடவை அடிக்க வேண்டும். கிடைப்பது 30 குண்டு சுமார். அதாவது ஒரு குண்டுக்கு 50 அடி. அதனால் ஒவ்வொரு வீரனுக்கும் உபரி சிலிண்டர்கள் கொடுத்தார்கள், பெரிய பம்புகளை வண்டியில் ஏற்றிப் படையோடு கூட்டிப்போனார்கள். சிலிண்டர் கசிந்தது, போர்க்களத்தில் பழுதுபார்க்க ஆள் இல்லை, பயிற்சி கொடுப்பதும் கஷ்டம். 1815 வாக்கில் அது படையிலிருந்து போயே போய்விட்டது. துப்பாக்கி நன்றாகத்தான் சுட்டது. அதற்குக் காற்று கொடுக்கும் ஏற்பாடுதான் தாக்குப்பிடிக்கவில்லை.

அழுத்தினால் சூடு, அழுத்தினால் தண்ணீர்

காற்றை அழுத்துவதில் இரண்டு விஷயம் தவிர்க்க முடியாதது.

முதலாவது சூடு. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவது எல்லோருக்கும் தெரியும். 30 டிகிரி காற்றை ஒரே மூச்சில், சூடு வெளியே போக நேரமே கொடுக்காமல் 300 பாருக்கு அழுத்தினால் கணக்குப்படி அது 1270 டிகிரியைத் தொடும். எந்த எண்ணெயும் எந்த ரப்பர் வளையமும் தாங்காது. அதனால்தான் பெரிய கம்ப்ரஸர்கள் மூன்று, நான்கு கட்டங்களாக அழுத்துகின்றன. மூன்று கட்டம் என்றால் ஒவ்வொன்றிலும் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. வெப்பம் கட்டத்துக்கு 250 டிகிரி அளவில் நிற்கும். நடுநடுவே வளைந்து வளைந்து போகும் குழாய்களில் காற்றைக் குளிர வைத்துத்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும்.

இரண்டாவது தண்ணீர். இதுதான் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். கடற்கரை ஊரில் ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்தால் 23 கிராம் இருக்கும். 6.8 லிட்டர், 300 பார் சிலிண்டர் ஒன்றை நிரப்பினால் சுமார் 1.85 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே போகிறது. அதோடு சேர்ந்து போகும் தண்ணீர் 43 கிராம். ஆனால் 6.8 லிட்டர் இடத்தில் ஆவியாக நிற்கக்கூடியது கால் கிராம் பக்கம்தான். மீதி 42 கிராமும், கிட்டத்தட்ட மூணு டேபிள் ஸ்பூன், தண்ணீராக விழுந்தே ஆகணும். கம்ப்ரஸரின் வடிகால் வால்வில் பிடித்தால் நல்லது. பிடிக்காவிட்டால் சிலிண்டருக்குள் விழும். எஃகு துருப்பிடிக்கும், அலுமினியம் அரிக்கும், துப்பாக்கியின் ரெகுலேட்டர் ஒருநாள் திடீரென்று மக்கர் பண்ணும்.

இந்தக் கணக்கு வேண்டாம் என்பவர்கள் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: காற்று அடிக்கிற இடத்தில் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை பார் வரும்?" இல்லை, "தண்ணிய எங்க பிரிக்கிறீங்க, ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?"

வழி ஒன்று: கைப்பம்பு

நின்று கொண்டு அடிக்கும் உயரமான பம்பு. இதுவும் மூன்று கட்டம்தான். ஒரு அடிக்குச் சுமார் 150 மில்லி லிட்டர் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 0.2 லிட்டர் சிலிண்டரை 100 பாரிலிருந்து 200 பாருக்கு ஏற்ற 20 லிட்டர் காற்று வேண்டும், அதாவது 130 அடி சொச்சம். கிடைப்பது நூற்றுக்கு மேல் பெல்லட். ஜிராண்டோனியின் வீரனுக்கு குண்டுக்கு 50 அடி, நமக்கு ஒரு அடிதான் சுமார். (அவன் குண்டு நம் பெல்லட்டைவிடப் பல மடங்கு கனம், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஐம்பது அடித்ததும் ஐந்து நிமிஷம் நிறுத்தி பம்பை ஆறவிடணும். அந்த இடைவெளி நம்ம தோளுக்காக இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களுக்காக. கடைசி 30 பாருக்கு உடம்பு எடை முழுக்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு வயசுப் பிள்ளையால் முடியாது, அப்பாவோ அம்மாவோதான் அடிக்கணும். மற்றபடி ஒரு துப்பாக்கி, ஒரு பிள்ளை என்றால் இதுவே போதும். பெரிய சிலிண்டரைக் கைப்பம்பில் நிரப்பலாமா என்றால், மேலே சொன்ன 1.85 கன மீட்டருக்குப் பன்னிரண்டாயிரம் அடி வேண்டும். முயற்சி செய்யாதீர்கள்.

வழி இரண்டு: சின்ன மின்சார கம்ப்ரஸர்

கார் பேட்டரியிலோ வீட்டு மின்சாரத்திலோ ஓடும் கையடக்க வகை இப்போது பரவலாகக் கிடைக்கிறது. 0.2 லிட்டரைச் சில நிமிஷத்தில் ஏற்றிவிடும். அது இந்தச் சின்ன வேலைக்காகச் செய்யப்பட்டது. அதைக் கொண்டு பெரிய சிலிண்டரை மணிக்கணக்கில் நிரப்ப உட்கார்ந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும், ஈரம் பிரிக்கும் சின்னக் குப்பி சீக்கிரம் நிறைந்துவிடும். தனியாக ஒரு ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் போடுவதும், ஒவ்வொரு ஐந்து, பத்து நிமிஷத்துக்கும் வடிகாலைத் திறந்துவிடுவதும் கட்டாயம். ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள். தானாக நிற்கும் சுவிட்சை நம்பி டீ போடப் போகிற மெஷின் இல்லை இது.

வழி மூன்று: ஸ்கூபா கடை

கடலில் முங்குபவர்களுக்குக் காற்று அடித்துக் கொடுக்கும் இடங்களில் நல்ல கம்ப்ரஸர் இருக்கும், ஃபில்டர் இருக்கும், வேலை தெரிந்த ஆளும் இருப்பார். மூச்சுக்காற்றுக்கான தரம் துப்பாக்கிக்குத் தேவையானதைவிட ரொம்ப உயர்ந்தது. ஐரோப்பியத் தரப்படி கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் போகக் கூடாது, எண்ணெய் கன மீட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நமக்கு அதில் வேண்டியது வறட்சி மட்டும்தான்.

ஆனால் நம் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனால் பல இடங்களில் தயங்குவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஸ்கூபா சிலிண்டர்கள் பெரும்பாலும் 200 முதல் 232 பார் வேலைக்கானவை, கடையின் ஏற்பாடும் அதற்கே இருக்கும். நாம் கொண்டுபோவது 300 பார் கார்பன் ஃபைபர் சிலிண்டர், எங்கே வாங்கியது, எப்போது சோதித்தது என்று சொல்லத் தெரியாத சிலிண்டர். நிரப்பும்போது பக்கத்தில் நிற்பவர் கடைக்காரர், நாம் இல்லை.

இணைப்புகளிலும் ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. டின் வகைத் திருகு வால்வில் 200 பாருக்கானதில் மரை ஐந்து சுற்று, 300 பாருக்கானதில் ஏழு சுற்று. 300க்கான கருவியை 200 வால்வில் மாட்டலாம். 200க்கான கருவியை 300 வால்வில் திருகினால் அடியைத் தொடாது, காற்று அடைபடாமல் கசியும். குறைந்த அழுத்தத்துக்கான சாமானை அதிக அழுத்தத்தில் மாட்ட முடியாதபடி யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். நடுவில் ஒரு அடாப்டர் வாங்கிப் போட்டு இந்த யோசனையைக் கெடுத்துவிடக் கூடாது.

இருக்கு, ஆனா எடுக்க முடியாது

பெரிய சிலிண்டர் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 6.8 லிட்டர், 300 பார். 0.2 லிட்டர் துப்பாக்கிச் சிலிண்டரை 100லிருந்து 200க்கு ஏற்ற ஒவ்வொரு தடவையும் 20 லிட்டர் காற்று. பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிப்படி 34 தடவை வரும். ஆனால் 300 பாரில் காற்று பாயில் விதிக்கு முழுசாகக் கட்டுப்படாது. மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்பதால் நாம் நினைப்பதைவிடப் பத்து சதவீதம் போல் குறைவாகத்தான் உள்ளே இருக்கும். அதையும் சேர்த்தால் 29 தடவை.

அதற்குப் பிறகு பெரிய சிலிண்டர் 200 பாருக்கு வந்துவிடும். இனி அது துப்பாக்கியை முழு 200க்கு ஏற்றாது. அப்போதும் உள்ளே எவ்வளவு மிச்சம் தெரியுமா? ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதம். முக்கால்வாசிக் காற்று கையில் இருக்கும், ஆனால் மேல்படியில் இல்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கியதும் மாடிக் குழாயில் வராமல் கீழ்த்தளத்தில் மட்டும் வருவது போலத்தான்.

இதற்கு ஒரு எளிய தீர்வு உண்டு. 200 தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுவது. உள்ளே ரெகுலேட்டர் இருப்பதால் 150 பாரில் நிரப்பினாலும் பெல்லட் அதே வேகத்தில்தான் போகும், எண்ணிக்கைதான் குறையும். வீட்டுப் பயிற்சிக்கு 150 தாராளம். போட்டி நாளுக்கு மட்டும் 200 வைத்துக்கொள்ளலாம்.

வழி நான்கு: நைட்ரஜன்

இங்கேதான் எனக்கு உபயோகமான ஒன்று கிடைத்தது. நாம் அடிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். தொழிற்சாலை நைட்ரஜன் எரியாது, எரிய உதவாது, ஈரம் இல்லை. துப்பாக்கிக்கு அது காற்றைவிட நல்லது என்றே சொல்லலாம்.

கேஸ் டீலர்களிடம் கிடைக்கும் பெரிய சிலிண்டர் 47 லிட்டர், 150 பார் அளவில் வரும்; பேச்சில் "ஏழு கியூபிக்" என்பார்கள். துப்பாக்கியை 70லிருந்து 130க்கு ஏற்றுவதாக வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 12 லிட்டர். பெரிய சிலிண்டர் 150லிருந்து 130க்கு இறங்குவதற்குள் 78 தடவை நிரப்பலாம். 70க்கும் 200க்கும் நடுவில் உள்ள காற்றில் இது கிட்டத்தட்ட பாதி, ஒரு நாள் பயிற்சிக்குப் போதும். வாரம் மூணு தடவை என்றால் ஆறு மாசம் ஓடும். சூடு இல்லை, சத்தம் இல்லை, தண்ணீர் இல்லை.

இரண்டு நிபந்தனை. ஒன்று, சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டணும். விழுந்து வால்வு உடைந்தால் அது ராக்கெட். இரண்டு, படுக்கையறையில் வைக்கவே கூடாது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 28 கன மீட்டர். ஏழு கன மீட்டர் நைட்ரஜன் மூடிய அறையில் கசிந்தால் ஆக்ஸிஜன் 21லிருந்து 16 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 19.5க்குக் கீழேயே ஆபத்து என்று கணக்கு. மணம் கிடையாது, மூச்சுத் திணறலும் தெரியாது, ஆள் அப்படியே மயங்கிவிடுவார். காற்றோட்டமான வராந்தா, ஷெட், அரங்கு இதெல்லாம் சரி.

ஏன் ஆக்ஸிஜன் கூடவே கூடாது

இனி அந்த வெல்டிங் கடைக் கேள்வி. ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால் சாதாரணக் காற்றில் எரியாததையெல்லாம் அழுத்தமான ஆக்ஸிஜன் எரிய வைக்கும்: வால்வில் தடவிய கிரீஸ், ரப்பர் வளையம், சூழ்நிலை அமைந்தால் அலுமினியமே.

நெருப்பு எங்கிருந்து வரும்? வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. 150 பார் சிலிண்டரின் வால்வைச் சட்டென்று திறந்தால், ஹோஸுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு பார் வாயு கண நேரத்தில் 150 பாருக்கு அழுத்தப்படும். மேலே கம்ப்ரஸருக்குப் போட்ட அதே கணக்குதான். ஆயிரம் டிகிரி பக்கம் வரும், ஹோஸின் மறுமுனையில், துப்பாக்கி வால்வின் கிரீஸ் இருக்கும் அதே இடத்தில். காற்றாக இருந்தால் பெரும்பாலும் அது அப்படியே ஆறிவிடும். சுத்த ஆக்ஸிஜனாக இருந்தால் அந்த ஒரு துளி கிரீஸ் தீக்குச்சி. ஒருதடவை ஒன்றும் ஆகாமல் நிரம்பிவிடலாம். பிறகு அந்தத் துப்பாக்கி கன்னத்தில் ஒட்டியபடி பிள்ளையின் கையில் இருக்கும், ஒவ்வொரு சுடுதலிலும் அதே விளையாட்டு உள்ளே நடக்கும்.

தொழிற்சாலை ஆக்ஸிஜன் சிலிண்டர் இந்தியாவில் கறுப்பு நிறம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் சீட்டைப் படியுங்கள், டீலரிடம் வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள். "இந்தக் கனெக்டர் இதுல மாட்டுது சார்" என்பது உள்ளே என்ன வாயு என்பதற்குச் சாட்சி இல்லை.

சிலிண்டரின் வயசு

6.8 லிட்டர், 300 பார் சிலிண்டரில் அடைந்திருக்கும் ஆற்றலைக் கணக்கிட்டேன். திடீரென்று விரிந்தால் சுமார் 4 லட்சம் ஜூல், ஏறத்தாழ 100 கிராம் டி.என்.டி.க்குச் சமம். இந்தியாவில் கேஸ் சிலிண்டர் விதிகள், 2016 எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது தெரியுமா? வெடிபொருள் சட்டம், 1884. முதலில் ஆச்சரியமாக இருந்தது, கணக்குப் போட்டதும் இல்லை.

அந்த விதிகளில் சிலிண்டர் என்பது 500 மில்லி லிட்டருக்கு மேல் 1000 லிட்டர் வரை கொள்ளளவு உள்ளது. துப்பாக்கியின் 0.2 லிட்டர் அதற்குக் கீழே நிற்கிறது. 6.8 லிட்டர் உள்ளே வருகிறது. அது அங்கீகரிக்கப்பட்ட வகையாக இருக்கணும், நிரப்புபவரிடம் உரிமம் இருக்கணும். நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ என்ற அமைப்பு இதைக் கவனிக்கிறது. வெளிநாட்டிலிருந்து பார்சலில் ஒரு பெரிய சிலிண்டரை வரவழைத்துக்கொள்வது இதனால்தான் சாதாரண ஷாப்பிங் இல்லை.

பெரிய சிலிண்டர்களுக்கு வழக்கமாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை உண்டு. உள்ளே தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்து, எவ்வளவு உப்புகிறது, அழுத்தம் எடுத்ததும் எவ்வளவு பழைய அளவுக்குத் திரும்புகிறது என்று அளப்பார்கள். ஏன் தண்ணீர்? அது அழுத்தத்துக்குச் சுருங்காது, அதனால் ஆற்றலைச் சேர்த்து வைக்காது. சோதனையில் சிலிண்டர் கிழிந்தாலும் 'புஸ்' என்று போகும், வெடிக்காது. சோதனை மாசமும் வருஷமும் சிலிண்டரிலேயே பதிந்திருக்கும். கார்பன் ஃபைபர் வகைக்கு இதற்கு மேல் ஆயுள் வரம்பும் உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக 15 ஆண்டு.

துப்பாக்கிச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு கொடுக்கிறார்கள். சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதியும், காலாவதி தாண்டாத சிலிண்டரைக் கொண்டுவருவது போட்டியாளரின் பொறுப்பு என்கிறது. நம்ம ஊரில் பழைய போட்டித் துப்பாக்கிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். குழலைப் பார்ப்பார்கள், கட்டையில் கீறலைப் பார்ப்பார்கள். சிலிண்டரைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். பத்து வருஷம் ஆகியிருந்தால் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

நிரப்பும்போது

மெதுவாக. மேலே சொன்ன ஆயிரம் டிகிரியெல்லாம் வேகத்தால் வருவது. வால்வை மயிரிழை திறந்து, மீட்டர் முள் நகர்வது கண்ணுக்குத் தெரியும்படி விட்டால் சூடு ஏறுவதற்கு முன்பே உலோகத்தில் கரைந்துவிடும். அவசரமாக அடித்தால் நஷ்டமும் நமக்குத்தான்: 60 டிகிரி சூட்டில் 300 காட்டிய சிலிண்டர் 30 டிகிரிக்கு ஆறியதும் 273 தான் காட்டும்.

துப்பாக்கியில் பெல்லட் இருக்கக் கூடாது. முகத்தை மீட்டருக்கு நேரே வைக்காதீர்கள். முடிந்ததும் முதலில் பெரிய வால்வை மூடி, ஹோஸில் உள்ள காற்றை வடிகால் திருகில் வெளியே விட்டு, அதற்குப் பிறகுதான் இணைப்பைக் கழற்றணும். இந்த வரிசை மாறினால் ஹோஸ் சாட்டை மாதிரி அடிக்கும். எந்த இணைப்பிலும் பெட்ரோலிய எண்ணெய், சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். தயாரிப்பாளர் சொல்லும் சிலிகோன் கிரீஸ் மட்டும், அதுவும் ஒரு துளி. நிரப்பிய பெரிய சிலிண்டரை வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள். 65 டிகிரிக்குப் போனால் 300 என்பது 335 ஆகும். சின்ன கம்ப்ரஸரில் நிரப்பிய சிலிண்டரை எந்தக் காரணத்துக்காகவும் மூச்சு விட யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்த நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: ஒரே ஒரு துப்பாக்கி, ஒரே பிள்ளை என்றால் கைப்பம்பு வாங்குங்க, 150 வரைக்கும் அடிங்க. பழகும் இடத்தில் நாலைந்து பிள்ளைகள் இருந்தால் எல்லோரும் சேர்ந்து அரங்கில் ஒரு நைட்ரஜன் சிலிண்டருக்கு ஏற்பாடு செய்யலாம், அதைக் கையாள ஒரு பெரியவர் மட்டும். போட்டிக்கு முன்னால் 200 வேண்டுமென்றால் முறையான கம்ப்ரஸர் உள்ள கிளப்பில் அடித்துக்கொள்ளலாம். சென்ற வாரம் அவர் பம்பு வாங்கிவிட்டார். முதல் நாள் 130 அடி எண்ணிக்கொண்டே அடித்தாராம், கணக்கு சரியாக 200ஐத் தொட்டதாம். தோள்தான் இன்னும் வலிக்குதாம்.